பல்வலிக் குழுவின் உடையாத கிதார்

கட்டுக்கடங்காத ஆவேசத்தின் விலை, செர்பியாவின் நீஷ் நகரத்துப் பழைய சாமான் சந்தையில், ஆயிரத்து எண்ணூறு தினார். கையில் எடுத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, திரும்ப வைத்துவிட்டு அடுத்த கடைப் பக்கம் நடக்கத் தெரிந்தவர்களுக்கு ஆயிரத்து இருநூறு. ஸ்டாமெனாவுக்கு நடக்கத் தெரியும்.

அந்தக் காசுக்கு ஒரு பழைய கிதார் கிடைக்கும். ஏதோ பள்ளிக்கூடத்து இசை வகுப்பில் பிள்ளைகளிடம் அடிபட்டு, பிறகு யார் வீட்டுப் பரண்மேலோ கிடந்து, செத்தவரின் வாரிசுகள் சண்டைபோடக்கூட மனசில்லாமல் சந்தைக்கு அனுப்பிய சரக்கு. அதையே ஓர் இளைஞன் மேடையில் தலைக்குமேல் தூக்கி, ஊளையிட்டு, தரையில் அடித்துச் சிதறவிட்டால் கதை வேறு. மறுநாள் பத்திரிகைகள் அதை ‘ஒரு தலைமுறையின் கோபம்’ என்று எழுதும். ஒரு தலைமுறையின் கோபம் ஆயிரத்து இருநூறுக்குக் கிடைத்தால் மலிவுதான். ஆனாலும் ஸ்டாமெனாவுக்கு மனசு ஆறவில்லை. வாரத்துக்கு இரண்டு கச்சேரி என்றால் வாரத்துக்கு இரண்டு கோபம் வாங்க வேண்டுமே. அவள் பீரோத் ஊர்க்காரி.

பீரோத்காரர்கள் என்றாலே செர்பியா முழுக்க ஒரு நமுட்டுச் சிரிப்பு உண்டு. விருந்தாளி வந்தால் பழப்பாகு கொடுக்க ஒரே ஒரு கரண்டிதான் வைப்பார்களாம், அதிலும் ஓட்டை இருக்குமாம். பீரோத்காரர்கள் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்கள், கோபத்துக்கும் செலவாகும். உண்மையில் அவர்களுடைய வியாதி கஞ்சத்தனம் அல்ல. உடைந்த பொருள் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைச் சரிசெய்யாமல் அவர்களால் தூங்க முடியாது. கால் போன நாற்காலி, கம்பி போன குடை, கைப்பிடி போன ஜாடி எதுவும் அந்த ஊரில் உடைந்தபடி வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. தாண்டினால் மானம் போய்விடும்.

‘பல்வலி’ என்ற அந்த ராக் குழுவில் மூன்று பேர். பாடுவது, கத்துவது, உடைப்பது எல்லாம் ரெல்யா. டிரம்ஸ் ஒப்ராத். பேஸ் கிதார் ஸ்டாமெனா. அத்தோடு கணக்கு, வண்டி, சாப்பாடு, அரங்கக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்பது ஆகிய பக்கவாத்தியங்களும் அவள்தான். நாட்டிலேயே அபாயகரமான குழு என்று பெயர் வாங்கியிருந்தார்கள். அந்த அபாயத்தை ஸ்டாமெனா கடைச் சாமான்போல எடை பார்த்துப் பொட்டலம் கட்டி வைத்திருந்தாள்.

கிதாரை முன்கூட்டியே ரம்பத்தால் நாலு துண்டாக அறுத்து, மாவுப் பசையால் ஒட்டி, உள்ளே தூண்டில் நரம்பு கோத்துவிடுவாள். கடைசிப் பாட்டுக்கு மட்டும் ரெல்யா அதை மாட்டிக்கொள்வான். லேசாகத் தரையில் தட்டினாலே குலை நடுங்கும் சத்தத்தோடு பிரியும். நரம்பு கோத்திருப்பதால் எந்தத் துண்டும் பறந்துபோய் ரசிகன் பைக்குள் அடைக்கலம் புகாது. வாரிக் கட்டி எடுத்துவந்து மறுபடி ஒட்டினால் அடுத்த ஊருக்குப் புதுக் கோபம் தயார். ரெல்யாவின் வாயோரம் வழியும் ரத்தம் பீட்ரூட் ஊறுகாய்ச் சாறு. மிச்சமிருக்கும் பீட்ரூட்டை ஒப்ராத் ரொட்டியோடு சாப்பிட்டுவிடுவான். உயரத்திலிருந்து ரெல்யா கூட்டத்துக்குள் பாயும் இடத்தில் ஸ்டாமெனாவின் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் சாதாரண ரசிகர்கள்போல நிற்பார்கள். சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள். ரெல்யா ஒரு மூட்டை அரிசிகூட இல்லை என்பது அவர்கள் அபிப்பிராயம்.

இவ்வளவு சிக்கனமாகப் பைத்தியம் பிடிப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. ஸ்டாமெனாவின் அப்பா விதானுக்குப் பீரோத் சந்தையில் சீஸ் கடை. ஒரே மகள். அவருக்குப் பிறகு கடை அவளுக்கு என்று ஊரே முடிவு செய்திருந்தது, அவளைத் தவிர. போன இலையுதிர் காலத்தில் அப்பாவும் மகளும் கை குலுக்கி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தக் கோடையில் ஏதாவது ஒரு பெரிய விழாவின் பெரிய மேடையில் பல்வலி ஏறிவிட்டால், கடைக்கு வா என்று அவர் ஆயுசுக்கும் கூப்பிடமாட்டார். ஏறாவிட்டால் செப்டம்பரில் பேஸ் கிதாரை விற்றுவிட்டு அவள் கல்லாவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அந்த வீட்டில் கை குலுக்கினால் குலுக்கியதுதான். பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் அந்தக் கடையில் நின்றவள் ஸ்டாமெனா. ஆட்டுப்பால் சீஸின் வாசனை தலைமுடிக்குள் போனால் எத்தனை நாளைக்கு வெளியே வராது என்று அவளுக்குத் தெரியும். முதல் காதலன் ஓடிப்போனதே அதனால்தான்.

பெரிய விழா என்றால் அந்த வருடம் மிச்சமிருந்தது ஒன்றுதான்: தான்யூப் கரையில் நடக்கும் ‘செங்கல் சூளை விழா’. அதற்குக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கிறவள் இசிதோரா. அவள் நீஷ் மாணவர் கலை அரங்கத்துக்குப் பல்வலியைப் பார்க்க நேரில் வருவதாகத் தகவல் வந்தது. ஸ்டாமெனா அன்றைக்கு இரண்டு பீட்ரூட் ஜாடி வாங்கினாள். செலவைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஊர்ஊராகப் போவதற்கு அப்பாவின் சீஸ் வேனைத்தான் இரவல் வாங்குவாள். வாடகை கிடையாது, டீசல் போட்டு, கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீஷ் கச்சேரிக்கு முந்தைய வாரம் லெஸ்கோவத்ஸ் ஊரில் ரெல்யா வழக்கம்போல ஒரு தலைமுறைக்காகக் கோபப்பட்டான். துண்டுகளைப் பெட்டியில் வாரிப்போட்டு, வேனைக் கழுவி அப்பா வீட்டு வாசலில் விட்டவள், பெட்டியை மட்டும் உள்ளேயே மறந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்துப் போய் எடுத்தபோது பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. திறந்தால் கிதார் முழுசாக, துடைத்துப் பளபளப்பாக இருந்தது. ஒப்ராத்துதான் வந்து ஒட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்லாமலே ஒரு வேலை செய்திருக்கிறான். நன்றி சொல்லலாமா என்று யோசித்தாள். பழக்கிவிட வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

நீஷ் அரங்கத்தின் காப்பாளர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சரியாக எட்டரைக்கு மேடையைக் காலி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் பாடகர் குழுவுக்கு ஒத்திகை. நாட்டின் அபாயகரமான குழு பவ்யமாகத் தலையாட்டியது. மேடையின் ஓரத்தில் பாடகர் குழுவின் பியானோ சரிகைத் துணி போர்த்திக்கொண்டு நின்றது.

அரங்கம் நிறைந்துவிட்டது. இரண்டாவது பாட்டில் ஸ்டாமெனா நிமிர்ந்து பார்த்தபோது அரங்கத்துக்குள்ளேயே இருந்த மதுக் கடையோரம் இசிதோரா நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயது, தலையின் ஒரு பக்கம் மட்டும் முடி. அவளுக்குப் பக்கத்தில், கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, அப்பா. இதுவரை மகளுடைய ஒரு கச்சேரிக்கும் வராத மனிதர். கோட்டுப் பையிலிருந்து ஏதோ ஒரு பொட்டலத்தை எடுத்து, பேனாக்கத்தியால் சீவி, இசிதோராவிடம் நீட்டிக்கொண்டிருந்தார். ஸ்டாமெனாவின் விரல் தந்தி மாறி விழுந்தது. ராக் கச்சேரி என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

கடைசிப் பாட்டு வந்தது. ரெல்யா கிதாரை மாற்றிக்கொண்டான். மாட்டும்போதே அவன் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியது. ஸ்டாமெனாவைத் திரும்பிப் பார்த்தான். என்ன என்று அவள் புருவத்தால் கேட்டாள். கனமாக இருக்கிறது என்று புருவத்தால் சொல்ல முடியாது. அதனால் அவன் ஊளையிட்டான், தலைக்குமேல் தூக்கினான், ஓங்கி அடித்தான்.

கிதார் கோவில் மணிபோல ஒலித்தது. உடையவில்லை.

இன்னொருமுறை அடித்தான். மேடைப் பலகை ஒன்று பிளந்தது. கிதாருக்குக் கீறல்கூட விழவில்லை. மூன்றாவது அடி எதிரே இருந்த ஒலிபெருக்கியில் விழுந்தது. அது அரங்கத்துச் சொத்து. அப்போதுதான் ரெல்யாவுக்கு, எல்லாப் பத்திரிகைகளும் அவனுக்கு உண்டு என்று எழுதிய கோபம், முதல்முறையாக வந்தது. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்ட, அந்தக் கிதாரின் அம்மாவையும் பாட்டியையும் இழுத்துத் திட்டினான். அவன் சுழற்றிய வேகத்தில் ஒப்ராத்தின் பெரிய டிரம் கிழிந்தது. ஒப்ராத் குச்சிகளை வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றான். பாட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

அந்த அமைதியில், மதுக் கடையோரத்திலிருந்து, சந்தையில் கூவிப் பழகிய குரல் ஒன்று நிதானமாகக் கேட்டது.

“எவ்ளோ வேணா அடிச்சுக்கோ தம்பி. உடையாது. உள்ள இரும்புப் பட்டை வெச்சு, போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கேன்.”

கூட்டம் ஒரு நொடி யோசித்தது. பிறகு எவனோ ஒருவன் ‘உடையாது’ என்று கத்தினான். அரங்கமே சேர்ந்துகொண்டது. உடையாது, உடையாது என்று தரையை மிதித்தார்கள். இதைவிடப் பெரிய அவமானத்தை ஒரு ராக் பாடகனுக்கு யாரும் கண்டுபிடித்ததில்லை. ரெல்யா கிதாரைத் தூக்கி வீசினான். அது சரிகைத் துணியோடு பியானோவின் வயிற்றுக்குள் போய் இறங்கியது. கூட்டம் கூரையைப் பிய்த்தது. அவன் கண்மண் தெரியாமல் பாய்ந்தான், சித்தப்பா மகன்கள் நிற்காத பக்கம். அங்கே நின்ற ரசிகர்கள், அபாயகரமான ஆளாயிற்றே என்று, மரியாதையாக விலகி வழிவிட்டார்கள்.

நீஷில் இப்படி ஒரு கச்சேரியை யாரும் பார்த்ததில்லை. தரையிலிருந்து எழுந்த ரெல்யாவின் மூக்கிலிருந்து வழிந்ததில் பீட்ரூட் ஒரு சொட்டும் இல்லை.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்கு இசிதோரா வந்தபோது ஸ்டாமெனா பாதி மகிழ்ச்சியில் இருந்தாள். கணக்கு உதைத்தாலும், வெளியே கூட்டம் இன்னும் உடையாது உடையாது என்று பாடிக்கொண்டிருந்தது. இதைக் கேட்டுவிட்டு எவள் வேண்டாம் என்பாள்?

இசிதோரா வேண்டாம் என்றாள். பல்வலியைப் பற்றி அவள் பத்து அரங்கக்காரர்களிடம் விசாரித்திருந்தாளாம். பையன் மேடையை எரிக்கிற மாதிரி ஆடுகிறான், ஆனால் போனபிறகு பார்த்தால் ஒரு ஆணிகூட இடம் மாறியிருக்காது என்று பத்துப் பேரும் சொன்னார்களாம். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தாளாம்.

“நெஜமா உடைக்கிற பசங்க எனக்கு ஊருக்கு ஊர் இருக்காங்கம்மா. உடைக்கிற மாதிரி உடைக்கிறவங்கதான் கெடைக்கறதில்ல. மேடைக்கு இன்ஷூரன்ஸ் நான்தான் கையெழுத்துப் போடறேன். இன்னிக்கி நீங்க பண்ணதுல பாதி அங்க பண்ணா என் வேலை போயிடும்.”

ஸ்டாமெனா எல்லாவற்றையும் சொன்னாள். மாவுப் பசை, தூண்டில் நரம்பு, மூட்டை தூக்கும் தம்பிகள். வேறு எந்த ராக் குழுவும் வாழ்நாளில் ஒப்புக்கொள்ளாத ரகசியங்களைச் சான்றிதழ்போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நாங்கள் சத்தியமாகப் போலிதான் என்று கெஞ்சினாள். ரெல்யா மூக்கில் பஞ்சோடு ஆமாம் ஆமாம் என்றான்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த விதானுக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

“அது உடையறதுக்குன்னே வெச்சிருந்ததா?” என்றார்.

“ஆமாப்பா. யாரு உன்ன தொடச் சொன்னது?”

“வேன்ல நொறுங்கிக் கெடந்துச்சு. எம்பொண்ணு காசில்லாம ஒட்டக்கூட முடியாம தவிக்கறா, கேக்க ரோஷம் விடலன்னு நெனச்சேன். நீஷ்காரன் முன்னாடி நீ ஒடஞ்ச சாமானோட போய் நிக்கறதாடா? ரெண்டு ராத்திரி முழிச்சுப் பண்ணேன்.” பிறகு கேட்டார்: “ஒவ்வொரு தடவையும் மாவுலயா ஒட்டுன? ஒரே தடவ ஒழுங்கா ஒட்டியிருக்கலாமே.”

செப்டம்பர் ஸ்டாமெனாவின் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

அதற்குள் விதானுக்கு மிச்சமும் புரிந்துவிட்டது. மகள் தோற்றுவிட்டாள். அவர் ஜெயித்துவிட்டார். ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றால் போதும், கடைக்கு ஆள் வந்துவிடும். அவர் சும்மா நின்றார். முகத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததை ஸ்டாமெனா பார்த்தாள், அதற்காக அவரை வாழ்நாள் முழுக்க மன்னிக்கக்கூடாது என்று முடிவும் செய்தாள்.

இசிதோரா கைப்பையை மாட்டிக்கொண்டே ஆறுதல் சொன்னாள். “மனசு விட்றாதீங்க. சின்ன ஊரு சரக்கு, கொஞ்சம் முன்னபின்னதான் இருக்கும்.”

அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது. முப்பத்தைந்து வருடம் சந்தையில் நின்றவர் எதிரில், அவர் வீட்டுச் சரக்கை மட்டம் என்றுவிட்டு யாரும் அவ்வளவு சுலபமாக நடந்து போனதில்லை. அதைவிட, வாங்க மனசில்லாதவள் இவ்வளவு நேரம் நின்று குறை சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள் என்பது விதானுக்கு அத்துப்படி. அவர் சந்தோஷம் மறைந்தது. கண் இடுங்கியது. கையை நீட்டினார். இசிதோரா, விடைபெறுகிறார் என்று நினைத்துத் தன் கையைக் கொடுத்தாள். தலைநகரத்துப் பெண்; மாட்டுச் சந்தைப் பக்கமே போனதில்லை. அங்கே ஒருவர் உங்கள் கையைப் பிடித்தார் என்றால் விலை படியும்வரை விடமாட்டார்.

“இரும்மா. சின்ன ஊரு சரக்குன்னியே, உள்ள சீஸ் தின்னப்போ ஊரக் கேட்டியா?”

“ஐயா, கைய விடுங்க.”

“விடறேன். எந்த மேடை, எத்தனை மணி, அத மட்டும் சொல்லிடு.” கையை மேலும் கீழும் ஆட்ட ஆரம்பித்தார். பம்பு அடிப்பதுபோல, அவசரமில்லாமல்.

இந்தக் குலுக்கலில் அப்பா ஜெயித்தால் அவருடைய கடை தோற்கும். அது அவருக்குத் தெரியுமா, கை பிடித்ததும் மறந்துவிட்டாரா என்று ஸ்டாமெனாவால் சொல்ல முடியவில்லை. சித்தப்பா மகன்கள் இரண்டு பேரும் வந்து, சந்தைத் தரகர்கள் செய்வதுபோல, குலுங்கும் கைகளின்மேல் தங்கள் கைகளையும் வைத்துக்கொண்டார்கள். இப்போது இசிதோரா அறையை விட்டுப் போக வேண்டுமானால் மூன்று பீரோத்காரர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

முதலில் அவள் முடியவே முடியாது என்றாள். பிறகு ஓரத்து மேடை, மத்தியானம் இரண்டு மணி என்றாள். வெயிலில் நாய்கூட நிற்காத நேரத்தில் என் மகள் யாருக்கு வாசிப்பாள் என்று விதான் கேட்டார். இசிதோரா நான்கு மணி என்றாள். விதான் பெரிய மேடை என்றார். ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்று அவள் கேட்டதும், அவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல, நான் ஜாமீன் என்றார். கடையையும் வேனையும் ஈடாக வைத்தார். கிதாரைத் தானே மாவில் ஒட்டித் தருவதாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கம்மியது.

இசிதோராவுக்குத் தோள்பட்டைவரை மரத்துவிட்டது. “சரி, சரி. பெரிய மேடை, மொத நாள், அஞ்சரை மணி. இதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது.”

“ஊருல இருந்துக்கிட்டு ஜாமீன் நிக்க முடியாது. நானும் அங்க இருக்கணும். இருந்தா சும்மா இருக்க முடியாது. மேடை வாசல்ல எனக்கு ஒரு கடை எடம். வாடகை கெடையாது.”

அவள் தலையாட்டினாள். கை விடுபட்டது. விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே வெளியேறினாள். போகும்போது, மிச்சம் இருந்த சீஸ் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஸ்டாமெனா அப்பாவைக் கட்டிக்கொண்டாள். கல்யாணக் கோட்டில் ஆட்டுப்பால் வாசனை அடித்தது. அந்த ஒரு நிமிடம் அது அவளுக்கு உறுத்தவில்லை. பிறகு அவர் காதருகில் சொன்னார்.

“அஞ்சரைக்கு ஏறுனா ஆறேகாலுக்கு எறங்கிடுவே, இல்லடா? நேரா கடைக்கு வந்துரு. கூட்டம் பாட்டு கேட்டுட்டுப் பசியோட வரும், நான் ஒத்தையா சமாளிக்க முடியாது.”

“அப்பா, கடைக்கு வான்னு ஆயுசுக்கும் கூப்பிடமாட்டேன்னு கை குடுத்திருக்க.”

“நான் எங்க கூப்பிட்டேன்? நீ இருக்கற எடத்துக்குக் கடை வருது. கடை வரக்கூடாதுன்னு நம்ம பேசவே இல்லையே.”

ஸ்டாமெனா அவரிடம்தான் தொழில் படித்திருந்தாள். ஒப்பந்தத்தைப் பொட்டலம் கட்டும்போது எந்த ஓரத்தைக் கட்டாமல் விட்டோம் என்று இப்போது தெரிந்தது. வெளியே மேடையில் ரயில்வே ஊழியர்கள் பியானோவைத் திறந்து பார்த்துவிட்டு, வாத்தியம் இல்லாமலே ஒத்திகையைத் தொடங்கினார்கள்.

ஸ்டாமெனா சுவரில் சாய்ந்து மனசுக்குள் அன்றைய கணக்கை முடித்தாள்.

வரவு: பெரிய மேடை ஒன்று, முதல் நாள், மாலை ஐந்தரை. ரெல்யாவுக்கு நிஜக் கோபம் ஒன்று, முதல்முறையாக.

செலவு: மேடைப் பலகை ஒன்று, ஒலிபெருக்கி ஒன்று, ஒப்ராத்தின் பெரிய டிரம், ரெல்யாவின் மூக்கு. ரயில்வேக்காரர்களின் பியானோ; அதை அப்பா நாளைக்கே வந்து சரிசெய்து தருவதாகக் காப்பாளரிடம் சொல்லிவிட்டார், ஆணிச் செலவெல்லாம் அவருடையது.

நிலுவை: மகள் ஒன்று, ஆறேகால் மணி முதல், கல்லாவுக்குப் பின்னால்.